எட்டு ஆண்டு அனுபவம், ஓர் அழைப்புகூட இல்லை: என் சுயவிவரக் குறிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்

#1 கிடங்குக்காரன்

வணக்கம். ஒரு தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எழுத்தராகச் சேர்ந்தேன், கடைசி மூன்று ஆண்டுகள் மேற்பார்வையாளர். அப்பாவின் உடல்நிலை காரணமாக அதன்பின் ஒன்றரை ஆண்டு வேலைக்குப் போகவில்லை. இப்போது சரக்கிருப்புத் திட்டமிடல் வேலைகளுக்கு விண்ணப்பித்து வருகிறேன். மாதக்கணக்காக அனுப்பியும் மறுப்புக் கடிதம்கூட வருவதில்லை. என் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. இங்கே தமிழில் தருகிறேன்; நிறுவனப் பெயரை நீக்கிவிட்டேன்.

நோக்கம்: சவால் நிறைந்த சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பங்களிப்பது.
பலங்கள்: கடின உழைப்பு, நேர்மை, குழு மனப்பான்மை, விரைவில் கற்கும் ஆற்றல்.
அனுபவம்: ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர். ஸ்டாக் பராமரிப்புக்குப் பொறுப்பு. சரக்கு வரவுச் சீட்டு தயாரிக்கப் பொறுப்பு. பின் கார்டு (ஒவ்வொரு பொருளின் வரவு, வழங்கல், இருப்பைக் குறிக்கும் அட்டை) எழுதுதல். ஆடிட்டின்போது உதவுதல். மேலாளர் சொல்லும் பிற வேலைகள்.
கல்வி: இளங்கலை வணிகவியல்.
கணினி: வேர்டு, எக்செல், இணையம்.
சொந்த விவரங்கள்: பிறந்த தேதி, தந்தை பெயர், மதம், திருமண நிலை, கடவுச்சீட்டு எண்.
பொழுதுபோக்கு: கிரிக்கெட் பார்ப்பது, பாட்டுக் கேட்பது.
உறுதிமொழி: மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்.

தயவு தாட்சண்யம் வேண்டாம். கிழித்துத் தொங்கவிடுங்கள்.

#2 பழைய_கோப்பு

நீங்களே அனுமதி கொடுத்துவிட்டதால் சுற்றி வளைக்கவில்லை. ஆட்தேர்வில் காலம் கழித்தவன் நான். இந்தக் குறிப்பில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரை வைத்தால் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. கிடங்கு மேற்பார்வையாளர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பின் கார்டு எழுதத்தான் வேண்டும். நாற்காலி செய்த வேலையை எழுதியிருக்கிறீர்கள். அதில் உட்கார்ந்தவர் என்ன செய்தார் என்பது எங்கே?

‘நோக்கம்’ என்ற பகுதியை இன்றே நீக்குங்கள். அந்த வாக்கியம் ஆயிரம் குறிப்புகளில் எழுத்துப் பிசகாமல் வருகிறது. ‘கடின உழைப்பு, நேர்மை’ பட்டியலும் அப்படியே; சோம்பேறியும் அதைத்தான் எழுதுகிறான். கடவுச்சீட்டு எண்ணை முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு அனுப்புவது ஆபத்து. உறுதிமொழியால் யாரும் எதையும் நம்பப்போவதில்லை. பொய்யான குறிப்பிலும் அந்த வரி இருக்கும் அல்லவா?

இனி என் கேள்விகள். கிடங்கில் எத்தனை பொருள் குறியீடுகள், அதாவது எத்தனை வகைப் பொருள்கள்? கணக்கெடுப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஆடிட்டில் ஏட்டுக்கும் அலமாரிக்கும் எவ்வளவு வேறுபாடு வரும்? நீங்கள் மேற்பார்வையாளர் ஆனபின் என்ன மாறியது? எதை எவ்வளவு வாங்குவது என்று யார் முடிவு செய்தார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். திட்டமிடல் வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது அதைத்தான்.

#3 சந்தேகப்பிராணி

பெரியவர் சொல்வதெல்லாம் மனிதர்கள் படித்த காலத்துக்குச் சரி. இப்போது மென்பொருள்தான் படிக்கிறது. நூற்றுக்கு 75 குறிப்புகளை மனிதக் கண் படுவதற்கு முன்பே அது குப்பையில் போட்டுவிடுகிறது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். விளம்பரத்தில் உள்ள சொற்களை அப்படியே எடுத்துக் குறிப்பில் கொட்டுங்கள். இடம் போதவில்லை என்றால் வெள்ளை எழுத்தில், கண்ணுக்குத் தெரியாமல் கடைசியில் ஒட்டுங்கள். அழகிய நடை, நல்ல வினைச்சொல் எல்லாம் பிறகு.

#4 குறிநிரல்

இந்தத் துறை மென்பொருளில் வேலை பார்த்திருக்கிறேன். சந்தேகப்பிராணி பாதி சரி, பாதி ஊர்க்கதை.

அந்த 75 விழுக்காடு பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வை எடுத்துக் காட்டியவரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் இந்த மென்பொருள் முதன்மையாக ஒரு சேமிப்பு அலமாரி. விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கிறது, பிரிக்கிறது, தேட உதவுகிறது. சிலவற்றில் பொருத்தத்துக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் வசதி உண்டு. ஆள் எடுப்பவர் தேடல் பெட்டியில் ஒரு சொல்லை அடிக்கிறார். அந்தச் சொல் இல்லாத குறிப்பு பட்டியலில் வராது. தானாகவே நிராகரிப்பது பெரும்பாலும் இணையப் படிவத்தில் வரும் ஆம்-இல்லைக் கேள்விகளால்தான். ‘வேலை செய்ய அனுமதி உண்டா’, ‘குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் உண்டா’ போன்றவை. குறிப்பை எவ்வளவு இழைத்தாலும் அங்கே தவறான பெட்டியைத் தட்டினால் கதை முடிந்தது.

உண்மையான சிக்கல் வேறு. மென்பொருள் உங்கள் கோப்பிலிருந்து எழுத்தை உருவி எடுத்துப் பெயர், பதவி, தேதி எனத் தனித்தனிக் கட்டங்களில் போட முயல்கிறது. பக்கத்தை இடம், வலம் எனப் பிரிக்கும் இரண்டு பத்தி வடிவமைப்பு, உரைப்பெட்டிகள், அட்டவணைக்குள் அட்டவணை இருந்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து போகலாம். தொலைபேசி எண்ணைப் பக்கத்தின் தலைப்புப் பட்டையில் வைத்தால் சில மென்பொருள்கள் அதைப் படிப்பதே இல்லை. தாளை ஸ்கேன் செய்து அனுப்பினால் அது வெறும் படம். எழுத்தே கிடைக்காமல் போகலாம். திறமைகளுக்கு ஐந்து நட்சத்திரத்தில் நான்கு என்று படம் போடுகிறார்களே, அது மென்பொருளுக்கும் புரியாது, மனிதருக்கும் புரியாது. எக்செலில் நான்கு நட்சத்திரம் என்றால் என்ன?

சோதிப்பது எளிது. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை கலையாமல் வந்தால் பெரும்பாலும் பிழைத்தீர்கள். தமிழில் குறிப்பு அனுப்புவோர் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது திரையில் தமிழாகத் தெரியும். ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். யுனிகோடு மட்டுமே பயன்படுத்துங்கள்.

வெள்ளை எழுத்து வித்தை மிகப் பழையது. உருவி எடுத்த எழுத்தை ஆள் எடுப்பவர் திரையில் பார்க்கும்போது அது கறுப்பாகவே தெரியும். நீங்கள் ஏமாற்றப் பார்த்தது அவர் கண்ணெதிரே கிடக்கும்.

விளம்பரச் சொற்களைப் பயன்படுத்தச் சொன்னது சரி. விளம்பரத்தில் ‘சரக்கிருப்புத் திட்டமிடல்’ என்று இருக்க, நீங்கள் ‘ஸ்டோர்ஸ் வேலை’ என்றே எழுதினால் தேடலில் சிக்கமாட்டீர்கள். செய்த வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைச் சொல்லுங்கள். செய்யாத வேலையின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.

#5 கிடங்குக்காரன்

பழைய_கோப்பு ஐயாவுக்கு நன்றி. பதில்கள்:

ஏறத்தாழ 4,200 பொருள் குறியீடுகள். முன்பு ஆண்டுக்கு ஒருமுறைதான் முழுக் கணக்கெடுப்பு. மூன்று நாள் கிடங்கை மூடுவோம். ஆடிட்டில் ஏட்டின் நூறு வரிகளுக்கு ஒன்பதில் வேறுபாடு வரும். நான் மேற்பார்வையாளர் ஆனபின் பொருள்களை மதிப்பையும் நகர்வையும் வைத்து ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரித்து, அதிகம் நகரும் விலையுயர்ந்தவற்றை வாரந்தோறும் எண்ணத் தொடங்கினோம். வேறுபாடு இரண்டுக்கு வந்தது.

வாங்கும் முடிவு கொள்முதல் பிரிவுடையது. ஆனால் எந்தப் பொருள் எந்த அளவுக்குக் கீழே போனால் கேட்கவேண்டும் என்ற மறுகொள்முதல் அளவை நான்தான் எக்செலில் கணக்கிட்டுக் கொடுத்தேன். கடந்த ஓராண்டுப் பயன்பாடு, சப்ளையர் எடுத்துக்கொள்ளும் நாள்கள் இரண்டையும் வைத்து, அடிக்கடி தேவைப்படும் 600 பொருள்களுக்குச் செய்தேன். அதன்பின் பாகம் இல்லாமல் இயந்திரம் நிற்பது வெகுவாகக் குறைந்தது. இரண்டு ஆண்டுகளாக அசையாத பொருள்களின் பட்டியலையும் எடுத்துக் கொடுத்தேன். பலவற்றைச் சப்ளையரிடமே திருப்பினார்கள்.

இதெல்லாம் அன்றாட வேலைதானே, இதையா எழுதுவது? தவிர, அறிக்கைகள் எதுவும் இப்போது கையில் இல்லை. நினைவிலிருந்துதான் சொல்கிறேன்.

#6 பழைய_கோப்பு

‘இதையா எழுதுவது’ என்று கேட்கிறீர்கள். திட்டமிடுநர் வேலையின் பாதியை அந்தப் பதவிப் பெயர் இல்லாமலே செய்திருக்கிறீர்கள். அதை முழுவதும் மறைத்துவிட்டு, கிரிக்கெட் பார்ப்பதை எழுதியிருக்கிறீர்கள்!

#7 எழுதுகோல்

எனக்கு வாக்கியங்களைச் செப்பனிடுவதுதான் பிழைப்பு. ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்.

முதல் வடிவம், உங்களுடையது: ‘ஸ்டாக் பராமரிப்புக்குப் பொறுப்பு.’ பொறுப்பு இருந்தது, சரி. நிறைவேற்றினீர்களா? வரி சொல்லவில்லை.

இரண்டாம் வடிவம்: ‘4,200 பொருள் குறியீடுகள் கொண்ட உதிரிபாகக் கிடங்கின் இருப்பை நிர்வகித்தேன்.’ அளவு தெரிகிறது. சின்னக் கடையின் பின்னறை அல்ல என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஆனாலும் விளைவு இல்லை.

மூன்றாம் வடிவம்: ‘4,200 பொருள் குறியீடுகள் கொண்ட கிடங்கில் வாராந்தரச் சுழற்சிக் கணக்கெடுப்பை அறிமுகப்படுத்தி, ஆடிட் வேறுபாட்டை நூற்றுக்கு 9 வரிகளிலிருந்து 2-ஆகக் குறைத்தேன்.’

கூகுளின் மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் ஒரு வாய்பாடு சொல்வார்: எதைச் சாதித்தீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள், எதைச் செய்து சாதித்தீர்கள். மூன்றும் ஒரே வரியில் வரவேண்டும் என்பார். எல்லா வரியையும் இந்த அச்சில் வார்த்தால் இயந்திரம் எழுதியதுபோல ஆகிவிடும் என்பது என் கருத்து. ஒவ்வொரு வேலைக்கும் கனமான இரண்டு மூன்று வரிகள் இப்படி வந்தால் போதும், மற்றவை எளிமையாக இருக்கட்டும்.

மேலே உள்ள வரியில் எனக்கு ஒரு சொல் உறுத்துகிறது: ‘அறிமுகப்படுத்தி’. யோசனை உங்களுடையதா, மேலாளருடையதா? மேலாளர் சொல்லி நீங்கள் நடத்தியிருந்தால் ‘நடத்தி’ என்று எழுதுங்கள். அதிலும் குறைவு ஒன்றுமில்லை. குறிப்பில் பொய் பெரும்பாலும் எண்ணில் நுழைவதில்லை, வினைச்சொல்லில்தான் நுழைகிறது. ‘உதவினேன்’ என்பது ‘வழிநடத்தினேன்’ ஆகிவிடும், எழுதியவருக்கே தெரியாமல்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘நான்’ என்ற சொல்லை விட்டு நேரே வினையில் தொடங்குவது வழக்கம். விட்டுவந்த வேலைக்கு இறந்தகாலம், இப்போது பார்க்கும் வேலைக்கு நிகழ்காலம். ஒரே பட்டியலில் இரண்டும் கலந்து வந்தால் கவனமில்லாதவர் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

#8 கிடங்குக்காரன்

யோசனையும் எக்செல் தாளும் என்னுடையவை. மேலாளர் ஒப்புதல் தந்தார். ‘அறிமுகப்படுத்தி’ என்றே வைக்கலாமா?

#9 எழுதுகோல்

தாராளமாக.

#10 இரவுப்பணி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் செவிலியர். கிடங்கில் எண்ணுவதற்குப் பொருள் இருக்கிறது. என் வேலையில் எதை எண்ணுவது? ‘இத்தனை பேரைக் காப்பாற்றினேன்’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

#11 பழைய_கோப்பு

அம்மா, எண் என்றால் விளைவு மட்டும் இல்லை. படுக்கைகள் எத்தனை, ஒரு ஷிஃப்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள், எந்தப் பிரிவு, எந்தக் கருவிகளைத் தனியாகக் கையாள்வீர்கள் என்பவை எல்லாம் அளவுகளே. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவரைக் கவனிப்பதும் பொதுப்பிரிவில் இருபது பேரைக் கவனிப்பதும் வேறு வேறு வேலை. அதை எழுதினால்தான் படிப்பவருக்குத் தெரியும்.

எண்ணே கிடைக்காத இடத்தில், யார் உங்களை நம்பி எதை ஒப்படைத்தார்கள் என்று பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்கும் பொறுப்பு உங்களிடம் வந்ததா? தலைமைச் செவிலியர் விடுப்பில் போனால் பிரிவு யார் கையில் இருந்தது? ‘இரவு ஷிஃப்டில் பிரிவுப் பொறுப்பாளர்’ என்ற ஒரு வரிக்குள் இன்னொருவரின் மதிப்பீடும் அடங்கியிருக்கிறது.

#12 இரவுப்பணி

புதியவர்களைப் பழக்குவது நான்தான். இதுவரை எழுதியதே இல்லை. நன்றி ஐயா.

#13 சந்தேகப்பிராணி

மேற்கோள்: ‘அறிக்கைகள் எதுவும் கையில் இல்லை, நினைவிலிருந்து சொல்கிறேன்.’

இதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே? கையில் தாள் இல்லை என்றால் எந்த எண்ணையும் எழுதலாம். 9-ஐ 15 ஆக்கலாம், 2-ஐ 1 ஆக்கலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்? எல்லோரும் செய்கிறார்கள். செய்யாதவன் பின்தங்குகிறான்.

#14 பழைய_கோப்பு

நேர்காணலில் நான் முதலில் கேட்பதே அந்த எண்ணைத்தான். எப்படி அளந்தீர்கள்? ஒன்பது என்பது பொருள் எண்ணிக்கையிலா, மதிப்பிலா? எந்த மாதம் எடுத்தது? உண்மையில் செய்தவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அதில் வந்த தலைவலியையும் சேர்த்துச் சொல்வார். ஊதிப் பெருக்கியவர் ‘ஏறக்குறைய... ஒட்டுமொத்தமாக...’ என்று இழுப்பார். அந்த இழுப்புக்குப் பிறகு குறிப்பின் மற்ற வரிகளையும் நான் நம்புவதில்லை.

யாஹூ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக 2012 ஜனவரியில் வந்தவர் ஸ்காட் தாம்ப்சன். கணக்கியலிலும் கணினி அறிவியலிலும் பட்டம் பெற்றவர் என்று அவருடைய விவரக்குறிப்பில் இருந்தது. கணக்கியல் பட்டம் உண்மை, கணினி அறிவியல் இல்லை. ஒரு பங்குதாரர் கல்லூரியில் விசாரித்து வெளியிட்டார். மே மாதம் பதவி போயிற்று. அவ்வளவு பெரிய பணி அனுபவம் உள்ளவருக்கு அந்தப் பட்டம் தேவைப்பட்டிருக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

கிடங்குக்காரன், நினைவில் உள்ள எண்ணை எழுதுவதில் தவறில்லை. ‘ஏறத்தாழ’ என்று சேர்த்து, உறுதியாகத் தெரிந்த கீழ்வரம்பை எழுதுங்கள். இயந்திரம் நின்றது ‘வெகுவாகக் குறைந்தது’ என்கிறீர்களே, அதற்கு எண் இல்லை என்றால் எண்ணை உண்டாக்காதீர்கள். இன்னொன்று: பழைய நிறுவனத்தின் கொள்முதல் விலை, சப்ளையர் பெயர் போன்றவற்றை எழுதவேண்டாம். அவர்களுடைய ரகசியத்தை என்னிடம் சொல்பவன் நாளை என்னுடையதையும் சொல்வான் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

#15 புதுப்பட்டதாரி

எனக்கும் மூன்று சந்தேகங்கள். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? புகைப்படம் வைக்கவேண்டுமா? ஆறு நொடிதான் பார்ப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

#16 குறிநிரல்

ஆறு நொடிக் கதைக்கு மூலம் இருக்கிறது. தி லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2012-இல் ஆட்தேர்வாளர்கள் 30 பேரின் கண்ணசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்தது. முதல் பார்வைக்கு ஏறத்தாழ 6 நொடி என்று வந்தது. 2018-இல் மறுபடி செய்தபோது 7.4 நொடி. சிறிய ஆய்வு, நடத்தியதும் இதில் வணிகம் செய்யும் தளம். அதுவும் முதல் வடிகட்டலுக்கு எடுக்கும் நேரம்தான். பிடித்துப்போன குறிப்பைத் திரும்ப எடுத்து நிதானமாகப் படிப்பார்கள். கண் எங்கே போயிற்று என்பது நொடிக் கணக்கைவிடப் பயனுள்ளது: பெயர், இப்போதைய பதவியும் நிறுவனமும், முந்தையது, தேதிகள், கல்வி. இவற்றைத் தேட வைக்காதீர்கள்.

பக்கம்: படித்து முடித்தவருக்கு ஒன்று. அனுபவசாலிக்கு இரண்டு. ஆய்வு, பல்கலைக்கழகப் பணி என்றால் வெளியீடுகள் எல்லாம் சேர்ந்து பத்துப் பக்கம் போனாலும் தப்பில்லை. ஒன்றே கால் பக்கம் மட்டும் வேண்டாம்.

படம்: நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படம், வயது, திருமண நிலை எதுவும் வைப்பதில்லை. ஜெர்மனியில் படம் வைக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. பாகுபாட்டுக்கு எதிராக 2006-இல் வந்த சட்டத்துக்குப் பின் முதலாளிகள் அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, ஆனாலும் பலர் வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கென யூரோபாஸ் என்ற பொது வடிவம் 2005 முதல் இருக்கிறது. விளம்பரத்தில் அதைக் கேட்டால் அதையே நிரப்புங்கள்.

#17 இரவுப்பணி

அந்தச் சொந்த விவரங்கள் பற்றி நானும் சொல்லவேண்டும். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 5,000 கற்பனைக் குறிப்புகளை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர்போல ஒலித்த பெயர்களுக்கு, கறுப்பினத்தவர் பெயர்போல ஒலித்தவற்றைவிட 50 விழுக்காடு அதிக அழைப்பு. பெயரை மறைக்க முடியாது. ஆனால் மதம், திருமண நிலை ஆகியவற்றை நாமே ஏன் எடுத்துக் கொடுக்கவேண்டும்?

சமூகவியலாளர் ஷெல்லி கொரெல் குழுவினர் 2007-இல் வெளியிட்டதும் இப்படித்தான். ஒரே தகுதியுள்ள இரண்டு பெண்கள். ஒருவர் குறிப்பில் மட்டும் பெற்றோர்-ஆசிரியர் சங்கப் பொறுப்பில் இருப்பவர் என்ற சின்ன வரி. அந்த வரி இல்லாத பெண்ணுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் அழைப்பு. தந்தைகளுக்கு அப்படி எந்த இழப்பும் இல்லை. நான் இதைப் படித்த அன்றே ‘திருமதி’யை எடுத்துவிட்டேன்.

#18 கிடங்குக்காரன்

அப்படியானால் என் ஒன்றரை ஆண்டு இடைவெளியையும் சொல்லாமல் விடலாமா? அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மாதங்களை விட்டுவிட்டு ஆண்டுகளை மட்டும் போட்டால் பாதி மறைந்துவிடும் என்று ஒருவர் சொன்னார்.

#19 சந்தேகப்பிராணி

அவர் சொன்னதைச் செய்யுங்கள். வலியப் போய்ச் சொல்வானேன்?

#20 பழைய_கோப்பு

ஆண்டு மட்டும் போடுவது நீண்ட பணி வரலாற்றில் செல்லும். உங்களிடம் இருப்பது ஒரே நிறுவனம், அதுவும் முடிந்துவிட்டது. மறைக்க முயல்கிறீர்கள் என்பது முதல் பார்வையிலேயே தெரியும். படிப்பவருக்கு வெற்றிடம் கிடைத்தால் இருப்பதிலேயே மோசமான காரணத்தைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்வார்: வேலையிலிருந்து விரட்டினார்களோ, கையாடலோ என்று. ஒரு வரி போதும்: ‘குடும்பப் பராமரிப்புக்கான இடைவெளி’, மாதம் ஆண்டு, அவ்வளவுதான். அப்பாவின் நோய் என்ன, எந்த மருத்துவமனை என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாதது.

#21 இரவுப்பணி

நான் இதில் ஐயாவோடு முழுவதும் ஒத்துப்போகமாட்டேன். ஆண் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று எழுதினால் பொறுப்பானவர் என்பார்கள். பெண் எழுதினால் இன்னும் எத்தனை இடைவெளி வருமோ என்று கணக்குப் போடுவார்கள். கிடங்குக்காரன் எழுதட்டும். எல்லோருக்குமான அறிவுரையாக இதை ஆக்காதீர்கள்.

#22 பழைய_கோப்பு

நியாயம். பெண்கள் எழுதினால் என்ன ஆகிறது என்பதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எது நல்லது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

#23 சந்தேகப்பிராணி

இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்வதற்கு, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விளம்பரத்தையும் குறிப்பையும் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடுமே!

#24 எழுதுகோல்

தரும். ‘விளைவுகளை நோக்கிச் செயல்படும் ஆற்றல்மிக்க சரக்கு மேலாண்மை வல்லுநர்’ என்று தரும். பழைய ‘சவால் நிறைந்த சூழல்’தான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. உங்களுக்கு 4,200 குறியீடுகள் என்பது அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தானாகவே ஓர் எண்ணைப் போட்டாலும் போடும். எழுதி முடித்தபின் பிழை பார்க்கவும், விளம்பரத்தில் கேட்ட எதை விட்டுவிட்டேன் என்று கேட்கவும் பயன்படுத்துங்கள்.

#25 கிடங்குக்காரன்

திருத்தியது இதோ. நோட்பேடு சோதனையும் செய்துவிட்டேன்.

(பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், நகரம்)

சுருக்கம்: உதிரிபாகக் கிடங்கில் எட்டு ஆண்டு அனுபவம், அதில் மூன்று ஆண்டு மேற்பார்வையாளர். சரக்கிருப்புத் திட்டமிடல் பணியை நாடுகிறேன்.

ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர் (மாதம், ஆண்டு)
- உள்வரும் சரக்கைச் சரிபார்த்து வரவுச் சீட்டு தயாரிக்கும் நான்கு பேர் குழுவை மேற்பார்த்தேன்.
- 4,200 பொருள் குறியீடுகள் கொண்ட கிடங்கில் வாராந்தரச் சுழற்சிக் கணக்கெடுப்பை அறிமுகப்படுத்தி, ஆடிட் வேறுபாட்டை இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 வரிகளிலிருந்து 2-ஆகக் குறைத்தேன்.
- இரண்டு ஆண்டுகள் நகராத பொருள்களைப் பட்டியலிட்டுச் சப்ளையர்களுக்குத் திருப்ப வழிசெய்தேன்.
- அடிக்கடி தேவைப்படும் 600 பொருள்களுக்கு, ஓராண்டுப் பயன்பாட்டையும் சப்ளையர் எடுக்கும் நாள்களையும் கொண்டு மறுகொள்முதல் அளவைக் கணக்கிட்டேன்.

ஸ்டோர்ஸ் எழுத்தர் (மாதம், ஆண்டு)
- பின் கார்டு, வரவு, வழங்கல் பதிவுகள்.

குடும்பப் பராமரிப்புக்கான இடைவெளி (மாதம், ஆண்டு)

கல்வி: இளங்கலை வணிகவியல்
கணினி: எக்செல் (பிவட் அட்டவணை, வி-லுக்கப்)

#26 எழுதுகோல்

நல்ல மாற்றம். ஆனால் நான்காவது வரி முதலில் வரவேண்டும்! திட்டமிடுநர் வேலைக்கு அதுதான் நுழைவுச்சீட்டு. இப்போது நீங்கள் பார்த்த வேலையின் வரிசையில் எழுதியிருக்கிறீர்கள்; அவர்களுக்குத் தேவைப்படும் வரிசையில் எழுதுங்கள்.

லியொனார்டோ டா வின்சி 1480-களில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய கடிதத்தை வேலை விண்ணப்பத்துக்கு முன்னோடி என்று எல்லோரும் இழுப்பார்கள். எனக்கும் சலித்த எடுத்துக்காட்டுதான், ஆனால் இங்கே பொருந்துகிறது. தூக்கிச் செல்லும் பாலங்கள், அகழிநீரை வடிக்கும் முறை, பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஓவியம் வரைவேன் என்பதைக் கடைசிப் பகுதியில்தான் வைத்தார். கடிதம் போன இடத்தில் போர்க்கவலை.

அதே காரணத்தால், கிடங்கு மேலாளர் வேலைக்கு விண்ணப்பித்தால் ‘நான்கு பேர் குழு’ வரி மேலே போகும். ஒரே குறிப்பை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். எல்லா வரிகளும் உள்ள பெரிய மூலக்கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதிலிருந்து எடுத்து அடுக்குங்கள்.

சுருக்கத்திலும் ‘நாடுகிறேன்’ வேண்டாம். விண்ணப்பம் அனுப்பியதே அதைச் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் ‘600 பொருள்களுக்கு மறுகொள்முதல் அளவு நிர்ணயித்தவர்’ என்று போடுங்கள்.

#27 குறிநிரல்

கோப்பின் பெயர் ‘ரெஸ்யூம் புதிது கடைசி 3’ என்று இருந்தால் மாற்றுங்கள். உங்கள் பெயர், பதவிப் பெயர், போதும். வேர்டு கோப்பு கேட்டால் வேர்டு, எதுவும் சொல்லாவிட்டால் பிடிஎஃப். எக்செலில் எதற்கு வி-லுக்கப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். மறுகொள்முதல் தாளை மறுபடி ஒருமுறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

#28 கிடங்குக்காரன்

நன்றி. ‘பரிந்துரையாளர் விவரம் கேட்கும்போது தரப்படும்’ என்ற வரியைச் சேர்க்கவேண்டுமா?

#29 பழைய_கோப்பு

வேண்டாம், இடத்துக்குக் கேடு. கேட்டால் தருவீர்கள் என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் கேட்பதற்கு முன்பே பழைய மேலாளரை அழைத்துப் பேசிவிடுங்கள். உங்கள் பெயரைச் சொன்னதும் அவர் ‘யார்?’ என்று யோசிக்கக்கூடாது. அந்த 9-ஐயும் 2-ஐயும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் வேறு எண் சொன்னால், உங்களுடையதை விட்டுவிட்டு அவருடையதை எழுதுங்கள். சரிபார்ப்பவர் தொலைபேசி செய்வது அவருக்குத்தான்.

#30 கிடங்குக்காரன்

பேசிவிட்டேன் ஐயா. 9 சரி என்கிறார். 2 வந்தது மூன்றாம் ஆண்டு ஆடிட்டில், இரண்டாம் ஆண்டில் 4 இருந்தது என்கிறார். ‘மூன்று ஆண்டுகளில்’ என்று மாற்றிவிட்டேன். மறுகொள்முதல் வரியை முதலில் வைத்து, இன்று இரண்டு இடங்களுக்கு அனுப்புகிறேன்.